கழுவியதாக நான் எழுதிய வரி

1. வாய்க்கால்

வேலையில் சேர்ந்த முதல் நாள் பிளாண்ட் இன்ஜினியர் ஜெசிந்தா மேடம் என்னைப் பாய்லர் பக்கம் கூட்டிப் போகவில்லை. பிளாண்ட்டுக்குப் பின்னால் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்த கழிவு வாய்க்காலுக்குக் கூட்டிப் போனார். உள்ளே கையை வைக்கச் சொன்னார். வைத்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டும் வெந்நீர் பதத்தில் இருந்தது.

"எப்படிண்ணே இருக்கு?"

"வெதுவெதுன்னு இருக்குங்க மேடம்."

"இத தண்ணின்னு நெனைக்காதீங்க. நம்ம எரிக்கிற வெறகுதான் இது. அதத்தான் கடல்ல கொண்டுபோய் ஊத்திக்கிட்டு இருக்கோம்."

எனக்கு அப்போது ஐம்பது வயது. மேடத்துக்கு முப்பதுகூட இருக்காது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். கறம்பக்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பத்தொன்பது வருஷம் உமி போட்டு பாய்லர் ஓட்டியவன். இரண்டாம் வகுப்பு பாய்லர் அட்டெண்டர் சர்டிபிகேட் கையில் இருந்தது. இத்தனை வருஷத்தில் சூட்டை உண்டாக்குவதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். சூடு எங்கே போகிறது என்று யாரும் என்னை வாய்க்காலுக்குக் கூட்டிப் போய்க் காட்டியதில்லை.

கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு சின்ன மீனவ ஊரில் அந்தப் பிளாண்ட் இருந்தது. கடல் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியைப் பிடித்துக் குடிதண்ணீர் ஆக்குவது. ஒரு நிறுவனம் சோதனைக்காகக் கட்டியது. பெயர் வேண்டாம். ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத்தான். லாரித் தண்ணீர் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சிறுநீரகக் கல் இல்லாத வீடு குறைவு. எங்கள் குழாயில் தண்ணீர் பிடிக்க வரும் மைமூன் என்ற பெண் முதல் வாரமே என்னிடம் சொன்னார், "எங்க வீட்டுல உப்புமாவுக்கு உப்புப் போட வேணாம்ணே, தண்ணியே போதும்." அவர் புருஷனுக்கு இரண்டு முறை கல் எடுத்திருந்தார்கள்.

பிளாண்ட் எப்படி ஓடும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வரிசையாக நாலு டிரம். ஒவ்வொன்றிலும் கடல் தண்ணீர் நிற்கும். அதற்குள் கட்டுக் கட்டாகக் குழாய்கள். பாய்லரிலிருந்து வரும் நீராவி முதல் டிரம்மின் குழாய்களுக்குள் போகும். அந்தச் சூட்டில் வெளியே நிற்கும் கடல் தண்ணீர் கொதிக்கும். அப்படிக் கிளம்பும் ஆவிதான் இரண்டாவது டிரம்முக்கு அடுப்பு. இரண்டாவதில் கிளம்புவது மூன்றாவதற்கு. இப்படி ஒரு தடவை எரித்த விறகை நாலு தடவை வேலை வாங்குவது. ஒவ்வொரு டிரம்மிலும் குழாய்க்குள் போன ஆவி குளிர்ந்து நல்ல தண்ணீராக வெளியே வரும். உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சிவிடுவதால் எழுபது டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். எழுபதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கடல் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு குழாய் மேல் படிய ஆரம்பிக்கும்.

ஒரு கிலோ நீராவி கொடுத்தால் எத்தனை கிலோ நல்ல தண்ணீர் திரும்பி வருகிறது என்பதுதான் கணக்கு. நான் சேர்ந்தபோது இரண்டுதான் வந்தது. மூன்று வர வேண்டும் என்று நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். ஒரு வருஷம் கழித்து ஆட்கள் வந்து மூன்று நாள் ஓட்டிப் பார்ப்பார்கள். மூன்று வந்தால் இது தொடரும், பக்கத்து ஊர்களுக்கும் பெரிதாகக் கட்டுவார்கள். வராவிட்டால் மூடிவிடுவார்கள். மேடம் இதை ஒளிக்காமல் எங்களிடம் சொன்னார். எங்களிடம் என்றால், நானும் ஹனிபா பாயும். ஹனிபா பாய் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். பம்புகளையும் பைப்புகளையும் பார்த்துக்கொண்டார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். என்னை முத்தண்ணே என்பார்.

2. ஊதுபத்தி

நான் தினமும் அடுப்பு மூட்டுவதற்கு முன் பாய்லர் கதவுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, எங்கள் ஊர் ஐயனாரை நினைத்து, இரண்டு ஊதுபத்தி கொளுத்துவேன். அரிசி ஆலையிலிருந்து வந்த பழக்கம். ஒரு நாள் காலையில் ஊதுபத்தியை முதல் டிரம்மின் மூடி ஓரத்தில் செருகிவிட்டு விறகு எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது மேடம் அந்த ஊதுபத்தியையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். புகை மேலே போகவில்லை. பக்கவாட்டில் வளைந்து, மூடியின் ஜாயிண்ட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே வேக்குவம் இருக்கிறது, இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கிறது.

காற்று உள்ளே போனால் குழாயைச் சுற்றி அது போர்வை மாதிரி நிற்கும். ஆவி தன் சூட்டைக் கொடுக்க முடியாது. விறகு வீணாகிற பெரிய வழி அதுதான். அன்று முழுவதும் நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு ஊதுபத்தியை வைத்துக்கொண்டு நாலு டிரம்மையும் ஒவ்வொரு போல்ட்டாகச் சுற்றி வந்தோம். புகை உள்ளே போகும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டோம். பதினேழு வட்டம் வந்தது.

தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் வேலியோரம் நின்று சிரித்தார்கள். ஹனிபா பாய் அவர்களிடம், "முத்தண்ணனுக்கு மிசினு மேலயே சாமி வந்துருச்சு, அதான் சுத்துறோம்" என்றார். "நீங்க எதுக்கு பாய் பத்தி புடிக்கிறீங்க?" என்று மைமூன் கேட்டார். "பொகைக்கு என்ன தெரியும், நா யாருன்னு" என்றார்.

ஜாயிண்ட்டுகளுக்கு நடுவே அடைக்கும் கேஸ்கெட் எல்லாம் மாற்றினோம். கணக்கு இரண்டிலிருந்து கொஞ்சம் ஏறியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. சாமிக்குக் கொளுத்தியது ஊருக்கு உதவியது என்று என் மனைவியிடம் போனில் சொன்னேன். அந்தப் பெருமையை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

3. ஐஸ் கம்பெனி ஹீட்டர்

அதற்குப் பிறகு மேடம் அந்த வாய்க்கால் சூட்டுக்கு வந்தார். டிரம்மிலிருந்து வெளியேறும் உப்புக் கழிவும் சூடாக இருந்தது, கிடைத்த நல்ல தண்ணீரும் சூடாக இருந்தது. உள்ளே போகும் கடல் தண்ணீரோ குளிர்ச்சியாகப் போய்க்கொண்டிருந்தது. வெளியே போகிறதன் சூட்டை உள்ளே வருகிறதுக்குக் கொடுத்துவிட்டால் அந்த அளவு விறகு மிச்சம். அதற்கு ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வேண்டும். புதிது வாங்க நிறுவனம் சம்மதிக்கவில்லை. ஹனிபா பாய் மூடிக் கிடந்த ஓர் ஐஸ் கம்பெனியிலிருந்து பழைய கூலர் ஒன்றைப் பேசி எடுத்துவந்தார். அதைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய எங்களுக்கு இருபது நாள் ஆனது. மேடமும் கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு தேய்த்தார். அதற்குப் ப்ரீஹீட்டர் என்று பெயர் வைத்தோம். ஊர்க்காரர்கள் ஐஸ் கம்பெனி ஹீட்டர் என்றார்கள்.

அடுத்தது இன்சுலேஷன். ஸ்டீம் லைன், வால்வு, டிரம், எல்லாம் வெறும் இரும்பாக வெயிலிலும் கடல் காற்றிலும் நின்றன. எல்லாவற்றுக்கும் கம்பளம் மாதிரி வருகிற ராக்வுல் சுற்றி, தகரம் அடித்தோம். விறகைப் புகைபோக்கியை ஒட்டி அடுக்கிக் காய வைத்து எரித்தோம். ஈர விறகு தன் ஈரத்தைக் காய்ச்சவே பாதி எரிந்துபோகும். இது எனக்கு உமியிலேயே தெரிந்த பாடம்.

புரட்டாசி மாதம் மேடம் ஒரு பகல் முழுவதும் ஓட்டிக் கணக்குப் பார்த்தார். மூன்றைத் தாண்டியது. பேப்பரைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தார். பிறகு வாய்க்காலுக்குப் போய்க் கையை வைத்தார். என்னையும் கூப்பிட்டார். தண்ணீர் சுடவில்லை. அந்தப் பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டதை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஆயுத பூஜை முடிந்து ஆறாம் நாள் நிறுவனத்து ஆட்கள் வருவதாகத் தகவல் வந்தது. மேடம் பூஜை விடுமுறைக்குத் திருச்சியில் அம்மா வீட்டுக்குப் போனார்.

போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அண்ணே, நிறுத்துனா கழுவாம விட்டுறாதீங்க. ஸ்டீம் வால்வு பாஸிங் ஆகுது, ஞாபகம் இருக்கட்டும். வால்வுக்குள்ள மாத்துற புது சீட்டு லீவு முடிஞ்சுதான் வரும்."

பாஸிங் என்றால், மூடிய பிறகும் வால்வு கொஞ்சம் ஆவியை விடுவது. பிளாண்ட்டை நிறுத்தும்போது முதலில் அடுப்பில் இருக்கும் தணலை வெளியே இழுத்துவிட வேண்டும். பிறகு டிரம்மில் இருக்கும் உப்புத் தண்ணீரை வடித்து, நல்ல தண்ணீர் விட்டு முக்கால் மணி நேரம் சுற்ற விட வேண்டும். அதைத்தான் ஃப்ளஷிங் என்போம், கழுவுவது என்றும் சொல்வோம்.

4. ஆயுத பூஜை அன்று

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நிறுத்துவதாகத் திட்டம். இரண்டு நாள் குழாய் மூடியிருக்கும் என்பதால் பெண்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். "இன்னொரு நடை புடிச்சுக்கிறோம்ணே, நல்ல நாளும் அதுவுமா எங்கள அலைய விடாதீங்க" என்றார் மைமூன். சரி என்று ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டினேன். விறகு போடுவதை நிறுத்தி ஸ்டீம் வால்வை மூடியபோது மணி ஒன்று தாண்டிவிட்டது. பூஜைக்கு நான் பார்த்து வைத்திருந்த நல்ல நேரம் இரண்டு மணிக்கு முடிகிறது.

எங்கள் ஆலையில் ஒரு முறை உண்டு. பூஜைக்கு வைத்த சாமானை மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுப்போம். அதுவரைக்கும் தொடுவதில்லை. வேலை செய்த இரும்புக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பார்கள். நானும் அப்படித்தான் கும்பிட்டு வந்தவன். தணல் இழுக்கும் கம்பி, கரண்டி, வால்வு திருப்பும் சாவிகள், ஸ்பேனர்கள், பேனல் சாவி, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் துடைத்து, பொட்டு வைத்து, வாழை இலையில் அடுக்க வேண்டும். சரஸ்வதிக்கும் அன்றுதான் என்பதால், அன்றன்றைய வேலையை எழுதும் லாக் புக்கும் பேனாவும் வைக்க வேண்டும்.

புத்தகத்தைப் பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் வரைக்கும் எழுத முடியாது. அதனால் அன்றைக்கு எழுத வேண்டியதை முன்னாலேயே எழுதினேன். பாய்லர் நிறுத்தம். தணல் அகற்றம். ஃப்ளஷிங் 45 நிமிடம். கையெழுத்து. பூஜை முடிந்த கையோடு கழுவிவிடலாம் என்று நினைத்து எழுதியது. ஏமாற்ற நினைத்து எழுதவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்ப வேண்டும் என்று இல்லை, நடந்தது அப்படித்தான்.

புத்தகத்தை மூடினேன். சாமான்களை அடுக்கினேன். பூசணிக்காய் உடைத்தேன். பொரியும் கடலையும் சுண்டலும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோதுதான் உறைத்தது, கம்பியும் சாவியும் இலையில் இருக்கின்றன.

ஹனிபா பாய்தான் சொன்னார். "முத்தண்ணே, கழுவலயே. எங்கிட்ட படகுச் சாமான் பையில வால்வு திருப்புற ரிஞ்சு ஒண்ணு கெடக்கு. அது பூசையில இல்லையில்ல. நா திருப்பி விட்டுறவா?"

நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். "வேணாம் பாய். இன்னைக்கு ஒரு நா எந்த இரும்பையும் தொட வேணாம். போன வருசமும் மறுநாத்தான் கழுவுனோம், ஒண்ணும் ஆகல. காலைல மொத வேல அதுதான்."

அவர் ஒரு நிமிஷம் பாய்லரைப் பார்த்தார். "ஒங்க சாமி காரியம். நா என்ன சொல்ல" என்று பொரிப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

போன வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மை. போன வருஷம் ஸ்டீம் லைன் வெறும் இரும்பு. கடல் காற்றில் சாயங்காலத்துக்குள் எல்லாம் ஆறிவிட்டது. டிரம்முக்குள் காற்றும் கசிந்தது. இந்த வருஷம் சூடு வெளியே போகிற வழியை எல்லாம் ஒவ்வொன்றாக அடைத்தது நாங்கள்தான். ஒரு வருஷமாகச் செய்த வேலை என்னவென்று அன்று பிற்பகல் என் புத்திக்கு எட்டவில்லை.

5. வெள்ளை

விஜயதசமி அன்று காலை மறுபூஜை போட்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு பாய்லருக்குப் போனேன். கேஜில் இன்னும் பிரஷர் காட்டியது. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்சுலேஷன் எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது என்று நினைத்தேன். பிறகு முதல் டிரம்மின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மட்டம் தெரியவில்லை. கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளையாக இருந்தது.

பம்ப் நின்றுபோன டிரம்முக்குள் ஒரு பிற்பகலும் ஓர் இரவும் ஆவி போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கழுவாத உப்புத் தண்ணீர் சூடேறி, சுண்டி, குழாய் மேலேயே காய்ந்துவிட்டது. மூடியைத் திறந்து ஹனிபா பாய் டார்ச் அடித்தார். குழாய்க் கட்டு தெரியவில்லை. சுண்ணாம்புக் காளவாயிலிருந்து அள்ளிக் கொட்டியது மாதிரி இருந்தது. 

மேலே இருந்த உப்பு, நல்ல தண்ணீர் விட்டதும் கரைந்தது. அடியில் இருந்தது கரையவில்லை. மேடத்துக்குப் போன் செய்து, படிவு இருக்கிறது, ஆசிட் போடவா என்று மட்டும் கேட்டேன். போடச் சொன்னார். போட்டோம். கொஞ்சம் நுரைத்தது, பிறகு நின்றுவிட்டது.

மறுநாளே மேடம் வந்தார். டிரம்முக்குள் தலையை விட்டு நகத்தால் சுரண்டினார். ஒரு சில்லைப் பெயர்த்து வெளியே எடுத்து வெயிலில் பார்த்தார்.

"இது ஜிப்சம்ணே. ஆசிட்டுக்குக் கரையாது. எழுவது டிகிரியத் தாண்டாம இது இப்படி வராது." லாக் புக்கை வாங்கிப் பார்த்தார். என் கையெழுத்தில் விரலை வைத்துக்கொண்டு, "அன்னைக்கு நல்லாக் கழுவுனீங்கள்லண்ணே?" என்றார்.

பதில் சொல்ல நான் அதிக நேரம் எடுக்கவில்லை. "கழுவுனேன் மேடம்."

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக என்னை நானே கேட்டிருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. ஒருத்தன் சாமி கும்பிட்டு ஊர்த் தண்ணீரைக் கெடுத்துவிட்டான் என்று வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண்கள் பேசுவார்கள். என் சாமிக்குக் கெட்ட பெயர் வரும். சாமியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் பொய் சொன்னேன். என்னிடம் சாமி அப்படி ஒன்றும் கேட்கவில்லை.

ஹனிபா பாய் பக்கத்தில்தான் நின்றார். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேடம் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது.

மேடம் சில்லைக் கையில் உருட்டியபடியே யோசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "அப்ப ஓடும்போதே படிஞ்சிருக்கு. நா ப்ரீஹீட்டர் போட்டதால தண்ணி ரொம்பச் சூடா உள்ள போயிருக்கு. என் கணக்குதான் தப்பு."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

6. ரிப்போர்ட்

இருந்த மூன்று நாளில் உளியும் சுத்தியும் வைத்துக் கொத்தினோம். இரண்டு குழாய் ஓட்டையானது. அடைத்தோம். மேடம் சாப்பிடாமல் கொத்தினார். நான் ஐயனாருக்கு வேண்டிக்கொண்டேன். கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டேன். வேண்டிக்கொண்டே கொத்தினேன். பொய்யை வயிற்றில் வைத்துக்கொண்டு எப்படி வேண்ட முடிந்தது என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

நிறுவனத்து ஆட்கள் வந்து மூன்று நாள் ஓட்டினார்கள். ஒரு கிலோ நீராவிக்கு இரண்டு கிலோ தண்ணீர்கூட வரவில்லை. நான் சேர்ந்த அன்றைக்கு இருந்ததைவிடக் குறைவு. வந்தவர்களில் பெரியவர் ஒருவர் மேடத்திடம், "இதுக்கு நீங்க ஒண்ணுமே பண்ணாம இருந்திருக்கலாமேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

ரிப்போர்ட்டில், கழிவுச் சூட்டை வைத்து உள்ளே வரும் தண்ணீரைச் சூடாக்கியதும் கூடுதலாக இன்சுலேஷன் செய்ததும்தான் படிவுக்குக் காரணம் என்றும், இது போன்ற சின்னப் பிளாண்ட்டுகளுக்கு அந்த முறை சரிப்படாது என்றும் எழுதினார்கள். மேடமும் கையெழுத்துப் போட்டார். ஆதாரமாக என் லாக் புக் பக்கத்தை நகல் எடுத்து வைத்தார்கள்.

கார்த்திகையில் மூடினார்கள். கடைசி நாள் குழாயில் மைமூன் ஏழு குடம் பிடித்தார். என்னால் முகத்தைக் காட்ட முடியவில்லை. அவராகவே வேலியோரம் வந்து, "நீங்க என்னண்ணே பண்ணுவீங்க, மிசினு தான. மனசுல வச்சுக்காதீங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

7. பிறகு

ஊருக்குத் திரும்பி வந்தேன். நேர்ந்துகொண்ட கிடாவை வெட்டவில்லை. நினைத்தது நடக்காததால் அல்ல, கையில் கத்தியைப் பிடித்துக்கொண்டு ஐயனார் முன்னால் நிற்கத் தைரியம் இல்லை. ஒரு பிரதோஷத்துக்குக் குடுமியான்மலைக்குப் போனேன். சன்னதியில் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னேன். கர்ப்பூரம் எரிந்தது, விபூதி கொடுத்தார்கள், வந்துவிட்டேன். கொஞ்ச நாள் லேசாக இருந்தது. பிறகு பழையபடி ஆகிவிட்டது.

ஹனிபா பாய் மகள் கல்யாணத்துக்குப் போனபோது அவரிடம் இதைச் சொன்னேன். கோயிலில் சொல்லிவிட்டேன், இன்னும் ஆறவில்லை பாய் என்றேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. அவர் என்னை ஓரமாகத் தள்ளிக் கூட்டிப் போனார்.

"சாமிக்குத் தெரியாததையா முத்தண்ணே சொன்னீங்க? தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க. அந்தப் புள்ள இன்னம் தன் கணக்கு தப்புன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கும்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நானும் அன்னைக்கு ரிஞ்ச எடுத்துத் திருப்பியிருக்கணும். மரியாதைன்னு விட்டுட்டேன்" என்றார்.

மேடத்தின் நம்பரைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் ஆனது. ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருக்கிறார். பிளாண்ட் வேலைக்குத் திரும்பவே இல்லை. போனில் எல்லாவற்றையும் சொன்னேன். தணல் இழுக்காதது, கழுவாதது, பாய் கேட்டு நான் வேண்டாம் என்றது, முன்னாலேயே எழுதிய வரி.   

"நாலு வருசமா நா எந்த ஹீட்டரப் பத்தியும் யாருகிட்டயும் வாயத் தொறக்கலண்ணே" என்றார்.  மன்னித்தேன் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குப் பெல் அடித்துவிட்டது என்று வைத்துவிட்டார்.

நிறுவனத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. நேரில் போய்ப் பார்க்கலாம் என்று பிளாண்ட்டுக்குப் போனால் டிரம் நாலையும் கேஸ் கட்டிங் போட்டு எடுத்துப்போய்விட்டிருந்தார்கள். ஐஸ் கம்பெனி ஹீட்டரும் இல்லை. வாய்க்கால் மட்டும் இருந்தது, மணல் மூடி. இனி யாரும் ஓட்டிப் பார்த்து எது சரி எது தப்பு என்று சொல்ல முடியாது. திரும்பும் வழியில் லாரிக்குக் காத்திருந்த குடங்களின் வரிசையைக் கடந்துதான் பஸ் ஸ்டாப்புக்கு வர வேண்டியிருந்தது. அந்த வரிசையில் யார் நின்றார்கள் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாய்லரிலும் பிளாண்ட்டிலும் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். பூஜை போடுங்கள். நானும் இன்றுவரை போடுகிறேன். ஆனால் மிஷினைக் கழுவி, ஆறவிட்டு, பிறகு கம்பியைக் கொண்டுபோய் இலையில் வையுங்கள். நல்ல நேரம் போனால் அடுத்த நல்ல நேரம் வரும். சூட்டை மிச்சம் பிடிக்க ஒன்றை மாற்றினால், நிறுத்துகிற முறையையும் அன்றைக்கே மாற்றுங்கள், ஏனென்றால் பழைய முறை பழைய மிஷினுக்கானது. செய்வதற்கு முன்னால் எதையும் எழுதாதீர்கள். எழுதிவிட்டுச் செய்யவில்லை என்றால் அன்றைக்கே அடித்து எழுதுங்கள்.

அந்த ரிப்போர்ட் எங்காவது ஒரு அலமாரியில் இருக்கும். அதைப் படித்து, கழிவுச் சூட்டைத் திருப்பி எடுப்பது சரிப்படாது என்று யாராவது வேறு ஏதாவது கடற்கரையில் கைவிட்டிருக்கலாம். அது எனக்குத் தெரியப்போவதில்லை. என்னால் முடிந்தது, அந்தப் பக்கத்தில் எழுத வேண்டியிருந்ததை இங்கே எழுதுவது.

ஆயுத பூஜை. பிற்பகல் 1.10, பாய்லர் நிறுத்தம். ஸ்டீம் வால்வு பாஸிங். தணல் இழுக்கவில்லை. கழுவவில்லை. ப்ரீஹீட்டரில் குறை இல்லை.

முத்துக்கருப்பன், பாய்லர் அட்டெண்டர்.